பட்டி ஹீல்டின் நான்காம் ஆண்டு

பஹாமாஸில் பிறந்து ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்காகக் கூடைப்பந்து ஆடிய பட்டி ஹீல்ட், 2015-இல் ஆட்டத்துக்கு 17.4 புள்ளிகள் என்ற சராசரியோடும் பிக் 12 என்ற பல்கலைக்கழகத் தொடரின் சிறந்த வீரர் என்ற விருதோடும் மூன்றாம் ஆண்டை முடித்தபோதே அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்பிஏ-வுக்கான வீரர் தேர்வுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் கல்லூரியிலேயே தங்கினார். அந்தக் கோடையின் உழைப்பு எண்களில் தெரிந்தது. மூன்று புள்ளி எறிதல்களில் ஏறத்தாழ 36 சதவீதமாக இருந்த வெற்றி விகிதம் அடுத்த பருவத்தில் 46 சதவீதத்தை நெருங்கியது. சராசரியும் 25 புள்ளிகளாயிற்று. அதிகமாக எறிபவரின் குறி தளர்வதே வழக்கம் என்பதால், முயற்சிகள் கூடியபோது துல்லியமும் சேர்ந்து கூடியதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2016 ஜனவரியில் கான்சாஸின் சொந்த அரங்கில், மூன்று கூடுதல் நேரங்கள்வரை நீண்ட ஆட்டத்தில் அவர் 46 புள்ளிகள் குவித்தார். (அணி தோற்றது, அது வேறு கதை.)

அந்தப் பருவத்தின் தேசியக் கல்லூரிப் போட்டி அரையிறுதியில் வில்லனோவா பல்கலைக்கழக அணி அவரை 9 புள்ளிகளுக்குள் முடக்கியது. நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆடியவர்களிடம் வளர இன்னும் இடமில்லை என்று தொழில்முறை அணிகள் தயங்குவதும் உண்டு. ஆயினும் என்பிஏ தேர்வில் நியூ ஆர்லியன்ஸ் அணி அவரை ஆறாவதாகத் தேர்ந்தெடுத்தது. குறி தவறாத கைக்கு எந்த அணியிலும் வேலை இருக்கும் என்ற அந்தக் கணக்கு எனக்கும் சரியாகவே படுகிறது.