ஒரு முட்டைக்கு 11 ஸ்பூன், இன்னொன்றுக்கு 6

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். ஆய்வகம் என்றால் திண்ணையும் நாலு கண்ணாடிக் குவளையும் ஒரு அளவுசாடியும்தான். "அடர்த்தி என்றால் என்ன?" என்று கேட்டால் "நிறை வகுத்தல் கன அளவு சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். சரி, கல் ஏன் மூழ்குகிறது? "வெயிட்டா இருக்கு சார்." அப்படியென்றால் ஒரு முழு வாழை மரம் வாய்க்காலில் மிதந்து போகிறதே, சுண்டைக்காய் அளவு கல் மூழ்குகிறதே என்றால் திண்ணையே அமைதியாகிவிடும்.

குறுவைக்கு விதை நெல்லைக் கிளப்பும் சமயம். வருஷா வருஷம் வீட்டில் பார்க்கிற வேலையையே செய்முறையாக வைத்துவிட்டேன். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, முட்டை மேலே வந்து பழைய நாலணா அகலத்துக்குத் தலை காட்டியதும் நிறுத்தி, விதை நெல்லைக் கொட்டுவார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத பதரும் அரைகுறையாக முற்றிய கருக்காயும் மிதக்கும், திரண்ட நெல் அடியில் தங்கும். வெறும் தண்ணீரில் பதர் மட்டும்தான் மிதக்கும், பாதி பால் பிடித்த கருக்காய் நல்ல நெல்லோடு சேர்ந்து மூழ்கிவிடும். தண்ணீரின் அடர்த்தி 1, உப்பைப் போட்டு அதை 1.1 பக்கம் ஏற்றினால்தான் கருக்காய் பிரிந்து மேலே வரும். ஆக, அந்த முட்டைதான் அடர்த்தி பார்க்கும் கருவி.

இரண்டு குழு, ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், தூள் உப்பு, தலை தட்டிய ஸ்பூன், ஒரு ஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம். முதல் குழுவுக்கு 11 ஸ்பூனில் முட்டை அடியை விட்டுக் கிளம்பி மெதுவாக மேலே வந்தது. தண்ணீர் 500, உப்பு 66, மொத்தம் 566 கிராம். ஆனால் அளவுசாடியில் ஊற்றினால் 525 மில்லியைக்கூடத் தொடவில்லை! வகுத்தால் கிட்டத்தட்ட 1.08. நிறை ஏறிய அளவுக்கு இடம் ஏறவில்லை என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்த இடம் அது.

இரண்டாம் குழுவுக்கு 6 ஸ்பூனிலேயே முட்டை மிதந்துவிட்டது. அந்தக் குழுவில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பெண் சட்டென்று ரப்பரை எடுத்து 6-ஐ அழித்துவிட்டு 11 என்று எழுதப் போனாள். எனக்கு மனசு வலித்தது, ஏனென்றால் அது அவள் தப்பில்லை, ரெக்கார்டு நோட்டில் 'சரியான' எண் இருந்தால்தான் கையெழுத்து கிடைக்கும் என்று நாம்தானே பழக்கி வைத்திருக்கிறோம். அழிக்காதே அம்மா, உன் முட்டை என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

ஸ்பூன், தண்ணீர், உப்பு எல்லாம் ஒன்றுதான். அப்போதுதான் ஒரு பையன் கவனித்தான், அவர்கள் முட்டை கிடையாகப் படுக்கவில்லை, அகன்ற முனை மேலே இருக்க நிமிர்ந்து நின்றது. அது கடையில் வாங்கியது, முதல் குழுவினுடையது அன்று காலையில் வீட்டுக் கோழி இட்டது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. நாளாக ஆக அதன் வழியே உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகப் போகிறது, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகிறது. ஓட்டின் அளவு மாறவில்லை, நிறை மட்டும் குறைகிறது, அதாவது அடர்த்தி குறைகிறது. உடனே அந்தப் பெண், "எங்க தாத்தா கடை முட்டையப் போடாதேன்னு சொல்லுவாங்க சார், இதுக்குத்தானா!" என்றாள்.

இதுக்குத்தான். பழைய முட்டையை நம்பி 6 ஸ்பூன் கணக்கில் நிறுத்தினால் கரைசல் 1.05-க்குக்கூட ஏறாது, கருக்காயில் பாதி அடியில் தங்கி நாற்றங்காலுக்குப் போய்விடும்.

அப்புறம் அவர்களே கேட்டது, பிரித்த நெல்லை ஏன் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுகிறார்கள் என்று. உப்பு ஒட்டியிருந்தால் விதைக்குள் தண்ணீர் இறங்குவது தடைபடும், முளைப்பு கெடும். இப்படி மெல்லிய சவ்வு வழியே தண்ணீர் நகர்வதுதான் சவ்வூடு பரவல், அது பத்தாம் வகுப்பில்தான் விரிவாக வருகிறது, ஆனால் கேள்வி இப்போதே வந்துவிட்டதே! நாளைக்கு ஒரு கைப்பிடி நெல்லை அலசியும் இன்னொரு பிடியை அலசாமலும் தனித்தனி ஈரச்சாக்கில் கட்டப் போகிறோம். அந்தப் பெண்ணின் நோட்டில் 6 அப்படியே இருக்கிறது, பக்கத்தில் 'கடை முட்டை, நிமிர்ந்து நின்றது' என்று அவளே எழுதியிருக்கிறாள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.