4.1-லேயே நின்ற எண்

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தில் டேங்க் வெப்பநிலையைக் காட்டும் கருவியை வைத்தது நான்தான். உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் போர்டு, அதில் லினக்ஸ். பால் 4 டிகிரிக்கு மேல் ஏறினால் எஸ்எம்எஸ் போக வேண்டும்.

ஒருநாள் காலை ஆபரேட்டர் கூப்பிட்டார். "தம்பி, திரையில 4.1-ன்னு நிக்குது. கைத் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தா 9 காட்டுது."

முந்தின இரவு கரண்ட் போயிருக்கிறது, கம்ப்ரசர் நின்றிருக்கிறது. செல்போன் டவரும் படுத்துவிட்டது. 4 டிகிரியைத் தாண்டியதும் எஸ்எம்எஸ் அனுப்பப் போய், அதை அனுப்பும் மோடத்திலிருந்து பதில் வரும் என்று என் புரோகிராம் காத்துக்கொண்டே நின்றுவிட்டது. இவ்வளவு நேரம்தான் காத்திருக்கலாம் என்று டைம்அவுட் வைக்காதது என் தவறு. எத்தனை வீட்டுக் கறவை அந்த டேங்கில் இருந்தது என்று நினைக்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது.

வாட்ச்டாக் டைமர் (காவல் நாய் மாதிரி) போட்டிருந்தேனே, அது ஏன் ரீஸ்டார்ட் செய்யவில்லை? அதன் வேலை எளிது. வாட்ச்டாக் சாதனக் கோப்பைத் திறந்ததும் வன்பொருளில் எண்ணிக்கை ஓடத் தொடங்கும். கெடுவுக்குள் அதில் ஏதாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதத் தவறினால் போர்டு தானே ரீசெட் ஆகும். நான் அந்த எழுதும் வேலையைத் தனியாக ஒரு குட்டி ஸ்கிரிப்ட்டிடம் விட்டிருந்தேன். அளக்க வேண்டிய புரோகிராம் மயங்கிக் கிடக்க, அந்த ஸ்கிரிப்ட் மட்டும் தவறாமல் நாய்க்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. லினக்ஸின் மையமான கர்னலோ அந்த ஸ்கிரிப்ட்டோ உறைந்தால் மட்டுமே உதவும் ஏற்பாடு அது.

எழுதும் வரியை, அளக்கும் புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள்ளேயே கொண்டுவந்தேன்: சென்சாரிலிருந்து புது மதிப்பு வந்து, திரையில் ஏறிய பிறகுதான் சோறு. உடனே வேறு சிக்கல். ராஸ்பெர்ரி பையின் வாட்ச்டாக் ஏறக்குறைய 15 விநாடிக்கு மேல் பொறுக்காது. மோடம் நெட்வொர்க் பிடிக்கவே அதைவிட நேரமாகும். மேசையில் வைத்துப் பார்த்தால் போர்டு மீண்டும் மீண்டும் ரீபூட் ஆனது. மோடத்தைத் தனி புரோகிராமாகப் பிரித்து, அதற்கு டைம்அவுட்டும் வைத்த பிறகுதான் அடங்கியது. கெடுவை நீட்ட வழி தேடி இரண்டு நாள் வீணாக்கியிருக்க வேண்டாம். கெடு சரியாகத்தான் இருந்தது, வேலையைப் பிரித்த விதம்தான் தப்பு.

திரும்பப் பொருத்தப் போனபோது ஆபரேட்டரைப் பக்கத்தில் நிற்கவைத்து, அளக்கும் புரோகிராமை நானே உறைய வைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை கறுத்தது. பூட் ஆகி எண் திரும்ப வந்ததும், கைத் தெர்மாமீட்டரை டேங்கில் விட்டு இரண்டையும் ஒப்பிட்டார். தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.