க்ரோக் பாட்ரிக்: அட்டையில் அடுக்கிய ஒரு மலை

நிலமாதிரி செய்பவர்கள் பெரும்பாலும் உயரமான மலையைத்தான் எடுப்பார்கள். அயர்லாந்தில் அது கெர்ரி மாவட்டத்தின் காரன்டூஹில், 1,039 மீட்டர். நான் எடுத்துக்கொண்டது மேயோ மாவட்டத்தில் இருக்கும் க்ரோக் பாட்ரிக், 764 மீட்டர்தான். ஆனால் க்ளூ விரிகுடாவின் தென்கரையை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்தே எழும்பி நிற்கிற மலை. கடலுக்கும் உச்சிக்கும் இடையே மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. மாதிரியில் எடுப்பாகத் தெரியட்டும் என்று உயரத்தை இரண்டு மடங்கு இழுத்துக் காட்டும் வேலை இதற்குத் தேவைப்படாது.

அளவு 1:10,000. இரண்டு மில்லிமீட்டர் கிரே போர்டு ஒரு அடுக்கு என்றால் அது 20 மீட்டர் உயரம். 38 அடுக்கில் 760 மீட்டர் வந்துவிடும்; மிச்சம் 4 மீட்டருக்கு ஒரு துண்டு சார்ட் அட்டை போதும். கிழக்கு மேற்கில் 6 கிலோமீட்டர், வடக்கு தெற்கில் 5 கிலோமீட்டர் எடுத்தேன். ஆக, பலகை 60க்கு 50 சென்டிமீட்டர். வடக்கு ஓரத்தில் முரிஸ்க் கிராமமும் கடலும், தெற்கில் நகோரா ஏரி.

உயரத் தரவு, 2000ஆம் ஆண்டில் நாசா விண்கல ரேடார் வைத்து எடுத்தது, இலவசமாகவே கிடைக்கிறது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றிச் சமஉயரக் கோடு போட்டேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அட்சரேகையில் ஒரு பாகை தீர்க்கரேகையின் நீளம், நிலநடுக்கோட்டில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தரவை அப்படியே அச்சிட்டால் மலை கிழக்கு மேற்காக இழுபட்டு நீண்டுவிடும். முதலில் அயர்லாந்தின் ஐடிஎம் வீழலுக்கு (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறை) மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் கோடு. இன்னொன்று, ஏறத்தாழ 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே உயரம் என்பதால் கூரான உச்சிகள் தரவில் மழுங்கித் தாழ்ந்துபோகும். கடைசி அடுக்குகளை அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்துக் கையால்தான் வரைந்தேன்.

ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் எடுக்கும்போது, "சார், பேப்பருக்கு ஃபிட் பண்ணிடட்டுமா?" என்றார் தம்பி. "வேண்டாம்பா, நூறு பர்சென்ட்லயே விடு" என்றேன். இதில் அசந்தால் அளவெல்லாம் போச்சு.

வெட்டுவதில் பெரிய சூட்சுமம் இல்லை. அடுக்குக்கு ஒரு முழு அட்டை வாங்கினால் காசுதான் கரையும். ஒற்றைப்படை அடுக்குகளை ஒரு அட்டையிலும் இரட்டைப்படை அடுக்குகளை இன்னொன்றிலுமாக, ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாக வெட்டினால் இரண்டே அட்டையில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒட்டுவதற்கு விளிம்பும் தானாகக் கிடைக்கும். உள்ளே கூடாக இருக்கும் என்பதால் நடுவில் மட்டும் அட்டைத் துண்டுகளை முட்டுக் கொடுக்க வேண்டும்.

சுமார் 450 மீட்டரைத் தாண்டியதும்தான் இந்த மலை பிடிபட்டது. படங்களில் தனிக் கூம்பாகவே பார்த்துப் பழகியிருந்தேன். அடுக்கிப் பார்த்தால் இது கிழக்கு மேற்காக நீண்ட ஒரு முதுகு. முரிஸ்கிலிருந்து வரும் பாதை தெற்கே ஏறி அந்த முதுகைத் தொட்டு, மேற்கே திரும்பிக் கூம்பில் ஏறுகிறது. கூம்புக்கு அப்பாலும் முதுகு விடவில்லை. 559 மீட்டரில் பென் கோரம் என்று இன்னொரு மேடு. கூம்பின் மேல் வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. கத்தி முனைக்கே இடமில்லை. அங்கே பாறை குவார்ட்சைட், கடினமானது, எளிதில் தேயாது. உடைந்தாலும் சரளையாகச் சரிவில் கிடக்கும். ஏறுபவர்களைப் படுத்தி எடுப்பது அந்தச் சரளைதான்.

பெயர்ச் சீட்டு எழுத உட்கார்ந்தபோது இந்த வடிவம் மறுபடி குறுக்கே வந்தது. ஐரிஷில் மலையின் பெயர் க்ரூஅக் ஃபாட்ரிக். க்ரூஅக் என்றால் குவியல், போர்; வைக்கோல்போர் என்கிறோமே, அதே போர். அயர்லாந்தின் காவல் புனிதர் பாட்ரிக்கின் போர். அக்கம்பக்கத்தார் பேசும் ஆங்கிலத்திலும் போரைக் குறிக்கும் 'ரீக்' என்ற சொல்தான், வெறுமனே 'தி ரீக்' என்பார்கள். ஜூலை கடைசி ஞாயிறு, ஆயிரக்கணக்கானோர் யாத்திரையாக ஏறும் நாள், ரீக் ஞாயிறு. காரன்டூஹில் இருக்கும் தொடருக்கும் மெகில்லிகடி ரீக்ஸ் என்றே பெயர். ஐரிஷில் அது 'கரும்போர்கள்'. மாதிரியைக் கிழக்கு ஓரத்திலிருந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் முதுகு மறைந்து அசல் போர் நிற்கிறது. வடக்கிலிருந்து பார்த்தால் தோள்கள் நீண்டு, அந்தப் பெயர் அவ்வளவாகப் பொருந்தவில்லை. பெயர் வைத்தவர்கள் கிழக்குப் பக்கத்து ஆட்கள் என்று அடித்துச் சொல்ல ஆசைதான். ஆனால் அது என் பலகை சொல்வது, வரலாறு சொல்வதல்ல.

பாட்ரிக்கின் பெயர் ஒட்டிக்கொள்வதற்கு முந்தைய பெயர் க்ரூஅகான் ஐக்லே. ஐக்லே என்பது இந்த வட்டாரத்தின் பழம்பெயர். பாட்ரிக் இங்கே 40 நாள் நோன்பிருந்ததை 7ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த திரெகான் ஆயரும் ஐக்லே என்றுதான் குறிப்பிடுகிறார். 1113ஆம் ஆண்டு, பாட்ரிக் திருநாள் இரவில் நெருப்புப் பந்து விழுந்து, நோன்பிருந்த 30 பேர் மாண்டதைச் சொல்லும் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பிலும் அதே பெயர். நோன்பு பாட்ரிக்கினுடையதாக இருந்தும், மலை வெகுகாலம் பழைய பெயரை விடவில்லை. அதனால் உச்சிக்கு இரண்டு சீட்டும் வைத்தேன், பழையது கொஞ்சம் சிறிய எழுத்தில். அங்கே 1905இல் கட்டிய வெள்ளைத் தேவாலயத்துக்கு ஒரு வெள்ளைத்தலைக் குண்டூசி.

உருப்படியாக ஒரு சோதனையும் செய்தேன். உச்சிக்குக் கிழக்கே, சற்றே தெற்குத் தள்ளி, சுமார் 7 கிலோமீட்டரில் போஹே என்ற இடத்தில், கிண்ணக் குழிகளும் வளையங்களும் செதுக்கிய தொல்பழங்காலப் பாறை ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 ஆகிய நாட்களில் அங்கிருந்து பார்த்தால் சூரியன் உச்சியில் அமர்ந்து, வடபக்கச் சரிவில் உருண்டு இறங்குவதுபோலத் தெரியும். ஜூன் 21க்கு இந்தப் பக்கம் 64 நாள், அந்தப் பக்கம் 64 நாள் என்பதால் இரண்டு நாளும் சூரியன் மறையும் திசை ஒன்றே. அவ்வளவு வடக்கே சூரியன் செங்குத்தாக மறையாது, வலப்புறம் சாய்ந்தபடி இறங்கும். என் அளவில் போஹே உச்சியிலிருந்து 70 சென்டிமீட்டர். பலகைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் முகவாயை வைத்துக்கொண்டேன். விளக்கை அணைத்துவிட்டு, மலைக்குப் பின்னால் மொபைல் டார்ச்சைச் சாய்வாக இறக்கச் சொன்னேன். வீட்டில் பிடித்த கை நடுங்கியதைக் கழித்துவிட்டால், வெளிச்சம் விளிம்பைத் தொட்டுக்கொண்டே கீழிறங்கியது. அடுக்குகளின் படிக்கட்டு விளிம்பை இன்னும் பூசி மூடாததால், அதில் தட்டித் தட்டித்தான் இறங்கியது.

மேலே வெளிர்சாம்பல், கீழே சதுப்புக்கும் புதருக்குமாகப் பழுப்பு என்று வண்ணம் பாதி முடிந்திருக்கிறது. அடுத்து க்ளூ விரிகுடாவுக்குத் தனிப்பலகை போட எண்ணம். நாளைக்கு ஒன்றாக 365 தீவு என்று ஊரில் சொல்வார்கள். எண்ணினால் அவ்வளவு வராது. பனியாறு விட்டுப்போன மண்மேடுகள், பாதி கடலில் முழுகியவை. அட்லாண்டிக் பக்கம் மட்டும் அலை அரித்துச் செங்குத்தாக நிற்கும். 20 மீட்டர் அடுக்கில் இவற்றில் பல ஒரே தட்டாகப் போய்விடும். 5 மீட்டர் இடைவெளி வேண்டும், அதற்கு இந்தத் தரவு பத்தாது. நுண்ணிய தரவு கையில் கிடைத்தால் அட்டை வாங்கப் போவேன்.