கான்கிரீட்ல ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டப் போறீங்களா, லோடு ஏத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஃபைனல் இயர்ல பீம் டெஸ்ட் எடுத்திருக்கிற சிவில் பசங்க பாதி பேர் டேட்டா லாகர், அதாவது ரீடிங்கைப் பதிவு பண்ற கருவி, அதைப் பத்தியேதான் கேக்குறாங்க. ஆனா லேப்ல நான் பாத்த வரைக்கும், ரீடிங் உருப்படியா வருமா வராதான்றது கேஜ் ஒட்டுற அன்னிக்கே முடிவாயிடுது.

ஸ்ட்ரெயின்னா லோடுல ஒரு பொருள் தன்னோட நீளத்துல எத்தனை பங்கு நீளுது இல்ல சுருங்குதுன்றது, அதை தன்னோட ரெசிஸ்டன்ஸ் மாறுறதை வச்சு காட்டுற மெல்லிசான பட்டைதான் ஸ்ட்ரெயின் கேஜ். முதல்ல கேஜ் நீளம். ஸ்டீலுக்கு ஒட்டுற 5 எம்எம் கேஜை கான்கிரீட்ல ஒட்டுனா அது ஒரு ஜல்லி மேலயோ, இல்ல ரெண்டு ஜல்லிக்கு நடுவுல இருக்குற மோர்ட்டார் மேலயோ உக்காந்துக்கும், ஜல்லி கம்மியா நீளும் மோர்ட்டார் ஜாஸ்தியா நீளும், ரெண்டுமே கான்கிரீட்டோட ஸ்ட்ரெயின் கிடையாது. ஜல்லி சைஸ்ல குறைஞ்சது 3 மடங்கு வேணும், 20 எம்எம் ஜல்லின்னா 60 எம்எம் கேஜ். வைவால இதை கண்டிப்பா கேப்பாங்க.

அடுத்தது சர்ஃபேஸ், இதுல அவசரமே படாதீங்க. மோல்டு பக்கம் வழவழன்னுதான் இருக்கும், ஆனா அது காஞ்ச சிமெண்ட் பால், கேஜோட சேர்ந்து உரிஞ்சு வந்துடும். அதைத் தேய்ச்சு எடுத்தீங்கன்னா கீழ ஊசி குத்துன மாதிரி ஓட்டைங்க தெரியும், அசிட்டோன்ல பஞ்சை நனைச்சு அழுக்கு வராம போற வரைக்கும் துடைச்சிட்டு, மெல்லிசா எபாக்ஸி தடவி ஓட்டையை அடைங்க, அது நல்லா இறுகுனப்புறம் உப்புத்தாள் போட்டு சமமாக்கி அதுக்கு மேலதான் கேஜ். சூப்பர் க்ளூ மாதிரி பசைன்னா இந்த எபாக்ஸி கோட்டிங் கட்டாயம், இல்லன்னா பசையை கான்கிரீட் உறிஞ்சிடும். க்யூரிங் டேங்க்லேர்ந்து எடுத்த ஈரத்தோட ஒட்டவே ஒட்டாதீங்க.

120 ஓம் கேஜ், கேஜ் ஃபேக்டர் (ரெசிஸ்டன்ஸ் மாறுற விகிதம் ஸ்ட்ரெயினைப் போல எத்தனை மடங்குன்ற எண்) 2ன்னா, 1 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (நீளத்துல பத்து லட்சத்துல ஒரு பங்கு) மாறுற ரெசிஸ்டன்ஸ் வெறும் 0.00024 ஓம். ஒயரோ கான்கிரீட்டோ சூடானாலே ரீடிங் நகரும். அதனால ஒயர் சூட்டோட பாதிப்பு கழிஞ்சு போக கேஜுக்கு மூணு ஒயர் கனெக்ஷன் குடுங்க, கான்கிரீட் சூட்டோடதைக் கழிக்க அதே மிக்ஸ்ல போட்ட, லோடு விழாத ஒரு துண்டுல டம்மி கேஜ் ஒட்டி பக்கத்துலயே வைங்க.

பீமுக்குப் போறதுக்கு முன்னாடி சிலிண்டர்ல ஒரு செக் பண்ணிடுங்க. 150 எம்எம் சிலிண்டர்ல எதிரெதிரா ரெண்டு கேஜ் ஒட்டி 100 கிலோநியூட்டன் குடுத்தா ஸ்ட்ரெஸ் சுமார் 5.66 எம்பிஏ, எம்25 கிரேடு கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 (இந்திய கான்கிரீட் கோட்) படி இ (எலாஸ்டிக் மாடுலஸ், ஸ்ட்ரெஸ்ஸை ஸ்ட்ரெயினால வகுத்தா வர்றது) 25000 எம்பிஏ, ஸோ ரெண்டோட ஆவரேஜ் 226 மைக்ரோஸ்ட்ரெயின் பக்கத்துல வரணும், கொஞ்சம் முன்னபின்ன இருந்தா பரவால்ல, பாதிதான் காட்டுதுன்னா ஒட்டுனதையும் லாகர்ல போட்ட கேஜ் ஃபேக்டரையும் பாருங்க.

பீம்ல அடிப்பக்கம் 140 மைக்ரோஸ்ட்ரெயின் வாக்குல விரிசல் ஆரம்பிக்கும். விரிசல் கேஜுக்குக் குறுக்க போனா ரீடிங் தாறுமாறா ஏறும், பக்கத்துல விழுந்தா திடீர்னு இறங்கும், கேஜ் போயிடுச்சுன்னு பயந்து அந்த டேட்டாவை தூக்கிப் போட்டுடாதீங்க, விரிசல் விழுந்த இடத்துல இழுவிசை கம்பிக்குப் போயிடுறதால பக்கத்து கான்கிரீட் தளருது, அவ்ளோதான். ஒவ்வொரு லோடு ஸ்டெப்லயும் விரிசலை மார்க்கர்ல வரைஞ்சு, லோடு எழுதி, கேஜ் நம்பர் தெரியுற மாதிரி ஃபோட்டோ எடுத்து வைங்க, கிராஃப்ல அந்த இறக்கம் ஏன்னு கேட்டா அந்த ஃபோட்டோதான் பதில்.