மருத்துவப் படிப்பு: நேர்முகத்துக்கு எப்போது அழைக்கிறார்கள், இடத்தை எப்போது தருகிறார்கள்?

பிள்ளையை மருத்துவம் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது, "சீக்கிரமா விண்ணப்பிச்சா இடம் கிடைச்சிடுமா, டாக்டர்?" என்ற கேள்விதான். மலேசியாவின் பினாங்கில் மருத்துவ மாணவர்களுக்கு வார்டில் பாடம் நடத்துகிறவன், தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றின் நேர்முகத் தேர்வுக் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: சில இடங்களில் தேதிக்கு மதிப்பு உண்டு, சில இடங்களில் அறவே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் வீடுகளில் பாதிப் பதற்றம் உண்டாகிறது.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு யுபியு என்னும் பொதுச் சேர்க்கை முறை வழியாக விண்ணப்பிப்பவர்களுக்குத் தேதியால் ஒரு பயனும் இல்லை. முதல் நாளே விண்ணப்பத்தை அனுப்பியவரும், கடைசி நாள் இரவு இணையம் திணறத் திணற அனுப்பியவரும் ஒரே வரிசையில்தான் நிறுத்தப்படுகிறார்கள். அந்த வரிசையைத் தீர்மானிப்பது கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் கொண்ட மெரிட் புள்ளி. சிஜிபிஏ என்னும் சராசரித் தேர்ச்சிப் புள்ளியில் உச்சமான 4.00 வாங்கியும் மருத்துவம் கிடைக்கவில்லை என்ற செய்தி ஆண்டுதோறும் நம் நாளிதழ்களில் வருவதற்குக் காரணம், உச்சப் புள்ளியிலேயே பலர் வந்து குவிந்துவிடுவதுதான். அந்த நெரிசலில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் ஆறில் யாரும் பொருட்படுத்தாத அந்த 10 விழுக்காடும், பட்டியலில் முன்னிற்பவர்களுக்கு மட்டும் வரும் நேர்முகத் தேர்வும் பெரிய வேலை செய்கின்றன. (பினாங்குக்காரர்களுக்கு ஒரு சேதி: யுஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இங்கே மிண்டனில் இருந்தாலும் அதன் மருத்துவப் பள்ளி கிளந்தானின் குபாங் கிரியானில் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று எண்ணி அதை முதல் தேர்வாகப் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.)

தனியார் கல்லூரிகளில் கதை வேறு. அங்கே விண்ணப்பங்கள் வர வரப் பரிசீலிக்கப்படுகின்றன. முதலில் பார்ப்பது மலேசிய மருத்துவ மன்றம் வகுத்த குறைந்தபட்சத் தகுதி. படிவம் ஆறின் இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் எழுதிய மாணவர் என்றால் உயிரியல், வேதியியல், அத்துடன் இயற்பியல் அல்லது கணிதம் ஆகியவற்றில் 'பி' வேண்டும், படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவுக்கும் தனி நிபந்தனை உண்டு. இறுதி முடிவு வராத நிலையில், பள்ளி தரும் முன்கணிப்புப் புள்ளிகளை வைத்தே நேர்முகத்துக்கு அழைத்து, நிபந்தனையுடன் இடம் தருவதும் வழக்கம். சீக்கிரம் விண்ணப்பித்தவருக்கு இங்கே ஆதாயம் உண்டு. ஆனால் அது திறமைக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளி அல்ல. இடங்கள் நிரம்பாதபோதே அவருடைய பெயர் மேசைக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு கல்லூரி ஆண்டுக்கு எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட உச்சவரம்பு இருப்பதால், கடைசி மாதங்களில் வரும் நல்ல விண்ணப்பம்கூடக் காத்திருப்போர் பட்டியலில்தான் உட்கார நேரிடும்.

நேர்முகம் எப்போது நடக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களின் ஓய்வு நேரம் என்றால் பலர் நம்ப மறுப்பார்கள். கிளினிக்கையும் வார்டையும் விட்டுவிட்டு ஒரே நாளில் எட்டுப் பத்து மருத்துவர்கள் கூட வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2004-இல் ஆய்விதழில் வெளியான எம்எம்ஐ என்னும் பல குறு நேர்முகங்கள் கொண்ட முறையை இப்போது பல கல்லூரிகள் பின்பற்றுகின்றன. மாணவர் ஒரே குழுவின் முன் அரைமணி நேரம் உட்காராமல், அறை அறையாகச் செல்வார். கதவில் ஒட்டியிருக்கும் தாளை இரண்டு நிமிடம் படிக்க வேண்டும், மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும், அடுத்த மணி அடித்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வெளியேற வேண்டும்.

ஓர் அறையில், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்கு மாறிய பாட்டியாக ஒருவர் நடிப்பார். பெரும்பாலான பிள்ளைகள் உட்கார்ந்ததும் சர்க்கரை நோயின் பின்விளைவுகளை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். எப்போதாவது ஒரு பிள்ளை, "ஏன் பாட்டி நிறுத்திட்டீங்க, மாத்திரை ஒத்துக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். என் தாளில் அந்தப் பிள்ளைக்குத்தான் புள்ளி கூடும். முதியோர் இல்லத்தில் தொண்டு செய்த சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கி வந்தவர்களுக்கு இந்த அறையில் அவற்றால் எந்த உதவியும் இல்லை; எங்களிடம் அந்தக் கோப்பே வருவதில்லை.

அடுத்த மணிக்குள் நாங்கள் புள்ளியைப் போட்டுவிட வேண்டும், பக்கத்து அறைக்காரர் என்ன போட்டார் என்று கேட்கக் கூடாது. ஆகவே 'நேர்முகத்தில் டாக்டர் சிரித்தார், கிடைத்துவிடும்' என்று கணக்குப் போடுவதில் பொருளில்லை. எல்லா அறைகளின் புள்ளிகளும் கூட்டப்பட்ட பிறகு சேர்க்கைக் குழு தனியே கூடுகிறது. மேலே உள்ளவர்களுக்கு உடனே கடிதம் போகும், தகுதிக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மறுப்பும் விரைவில் போய்விடும். வாரக்கணக்கில் ஒன்றும் வராமல் இருப்பது நடுவில் இருப்பவர்களுக்குத்தான், ஏனெனில் மேலே உள்ள எத்தனை பேர் கட்டணம் கட்டுவார்கள் என்று கல்லூரிக்கே அப்போது தெரியாது. அதே மாணவர்கள் யுபியு முடிவுக்காகவும் உபகாரச் சம்பளத்துக்காகவும் காத்திருப்பார்கள். அரசு இடம் கிடைத்ததும் தனியார் இடத்தைக் கைவிடுவார்கள். இதை எதிர்பார்த்துச் சில கல்லூரிகள் இருக்கும் இடங்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே கடிதம் அனுப்புகின்றன.

வெளிநாட்டுக் கணக்குகளை இதனுடன் சேர்க்கக் கூடாது. பிரிட்டனுக்கு யுகாஸ் என்னும் பொது விண்ணப்ப அமைப்பு வழியாக அக்டோபர் 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும், மருத்துவத்துக்கு நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மேல் போட முடியாது. கெடுவுக்குள் வந்தவை அனைத்தும் சமமாகவே பார்க்கப்படும். அமெரிக்காவில் வரிசைப்படி பரிசீலனை நடப்பதால் ஜூன் மாதம் அனுப்பியவருக்கும் கெடுவின் கடைசி நாளில் அனுப்பியவருக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டு. இந்தியாவில் நீட் தரவரிசைதான் எல்லாம், நேர்முகமே கிடையாது. பினாங்கிலேயே உள்ள, ஆர்சிஎஸ்ஐ, யுசிடி என்னும் இரு அயர்லாந்து பல்கலைக்கழகங்களின் வளாகம் நடத்தும் மருத்துவப் படிப்பின் முதல் பாதி டப்ளினில் நடப்பதால், அங்கு சேர நினைப்பவர்கள் அயர்லாந்தின் செப்டம்பர் தொடக்கத்தை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு யோசனை. நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பதால் பட்டியல் நகராது. முதல் சுற்றின் கட்டணக் கெடு எந்த நாள் என்பதை மட்டும் சேர்க்கைப் பிரிவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் கடந்த பிறகே காலியிடம் தெரியவரும். அதற்குள் எஸ்டிபிஎம் அல்லது ஏ லெவல் இறுதி முடிவு வந்துவிட்டால், முன்கணிப்பைவிட அது நன்றாக இருக்கும் பட்சத்தில், அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.