இது எந்த நாட்டு அழுங்கு?

மின்னஞ்சல் வந்தது இரவு பதினொன்றேகால் மணிக்கு. ‘கலந்துகொண்டமைக்கு நன்றி’ என்று ஆரம்பித்தாலே விஷயம் புரிந்துவிடும். தேர்வானவர்களுக்கு யாரும் எடுத்த எடுப்பில் நன்றி சொல்வதில்லை. இருந்தும் கடைசி வரி வரை படித்தேன். நடுவர் முடிவே இறுதி, காரணம் தெரிவிக்க இயலாது, நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஏழு மாத வேலைக்கு ஆறு வரிப் பதில்.

காட்டுயிர் ஓவியப் போட்டிகளில் இது எனக்கு மூன்றாவது அடி. முதல் இரண்டையும் அடி என்றே சொல்லக்கூடாது, படம் நடுவர் கண்ணில் படவே இல்லை. ஆனால் புதிதாக அனுப்புகிறவர்கள் விழுகிற குழி அவைதான், அதனால் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை அளவுக் கணக்கில் போனது. படிவத்தில் தாளின் அளவை எழுதினேன். அவர்கள் கேட்டதோ படச்சட்டத்தோடு சேர்த்து வெளி அளவு. ஓவியத்தைச் சுற்றி வைக்கிற அட்டை (மவுண்ட்), சட்டம் எல்லாம் சேர்ந்ததும் 4 சென்டிமீட்டர் கூடிவிட்டது. விதிமுறைகளின் ஒன்பதாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக அதைப் போட்டிருந்தார்கள், நான் எட்டாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். இப்போதெல்லாம் வரைய உட்காருமுன்பே சட்டத்தைத் தீர்மானித்துவிட்டு அதிலிருந்து உள்நோக்கித் தாளை வெட்டுகிறேன்.

இரண்டாவது தடவை புகைப்பட உரிமை. பார்த்து வரைந்த படம், எடுத்தவரே மற்றவர்கள் பயன்படுத்த அனுமதி தருகிற ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் இருந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். அதிலேயே ‘வணிக நோக்கற்ற’ என்றொரு வகை உண்டு. போட்டிக்கு வரும் ஓவியங்கள் கண்காட்சியில் விற்பனைக்கும் வைக்கப்படும் என்பதால் அந்த வகை செல்லாது. எடுத்தவரிடம் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே தருகிறார்கள். கேட்காததுதான் என் தப்பு.

மூன்றாவதில் இதையெல்லாம் சரியாகச் செய்திருந்தேன். வெளி அளவு சரி, அனுமதிக் கடிதம் சரி. ஓவியத்தைப் படம் பிடிக்கும்போது பல்பு வெளிச்சத்தில் விலங்கின் செதிலெல்லாம் ஆரஞ்சாகிவிடுகிறது என்று நாலு நாள் மேகமூட்டத்துக்குக் காத்திருந்து, நிறத்தைச் சரிபார்க்கப் பக்கத்தில் சாம்பல் அட்டை வைத்து எடுத்தேன். அப்படியும் போய்விட்டது. அதனால்தான் இது வலித்தது.

வரைந்தது அழுங்கை. எறும்புதின்னி என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் பாலூட்டிகளில் ஒன்று, காரணம் அதன் செதில். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான் அதிலும். 2016-இல் எட்டு வகை அழுங்குகளையும் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்து உலக வணிகத்தையே தடை செய்தார்கள். நான் எடுத்துக்கொண்டது இந்திய அழுங்கு. செதில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பூச்சு, மேலே உலர்தூரிகையால் நீளவாக்கில் கோடு. அந்தக் கோடுகளுக்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது.

நிராகரிப்பு வந்த வாரம், அழுங்குகளைக் களத்தில் ஆய்வு செய்கிற ஒரு தம்பிக்குப் படத்தை அனுப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், ஆறுதலுக்காகத்தான் அனுப்பினேன். “அருமையா இருக்கு அக்கா, அந்த நடுவருங்களுக்குக் கண்ணே இல்ல” என்று எழுதுவான் என எதிர்பார்த்தேன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது எந்த நாட்டு அழுங்கு?”

“இந்திய அழுங்குதாம்பா.”

“உடம்பு இந்தியா. நடை ஆப்பிரிக்கா.”

படத்தில் என் அழுங்கு பின்னங்கால் இரண்டில் நடந்துபோகிறது. முன்னங்கால்களை நெஞ்சோடு ஒட்டித் தூக்கி, வாலைத் தரையில் படாமல் நீட்டி, ஏதோ யோசனையில் கைகட்டிப் போகிற பெரியவர் மாதிரி. அந்த நிலைதான் எனக்குப் பிடித்திருந்தது, அதற்காகவே வரைந்தேன். அது ஆப்பிரிக்காவின் டெம்மின்க் அழுங்கு நடக்கிற விதம். இந்திய அழுங்கு மோப்பம் பிடிக்க எழுந்து நிற்கும், ஆனால் நடப்பது நாலு காலில். முன்னங்கால் நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு, கை முட்டியை ஊன்றுகிற மாதிரி நடக்கும்.

நான் பார்த்து வரைந்தவை இரண்டு புகைப்படங்கள். உடம்புக்கு ஒன்று, நிலைக்கு ஒன்று. நிலைக்குக் கட்டணம் கட்டி வாங்கிய படத்தின் கீழே அழுங்கின் ஆங்கிலப் பெயர், வெறுமனே ‘பாங்கோலின்’ என்று போட்டிருந்தது. அழுங்கு என்றால் அழுங்கு என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். உரிமை சரியா என்று மட்டும் சோதித்தேன், உயிரினம் சரியா என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

தம்பி அத்தோடு விடவில்லை. “செதிலுக்கு நடுவுல மயிர் எங்கே அக்கா?” ஆசிய அழுங்குகளுக்குச் செதில்களின் இடுக்கில் கம்பி போல முரட்டு மயிர் முளைத்திருக்கும், ஆப்பிரிக்க வகைகளுக்கு அது கிடையாது. நான் ஒரு மயிர்கூட வரையவில்லை. இரண்டு மாதம் பூசிப் பூசி வழவழப்பாக்கி வைத்திருந்தேன். வாலின் நுனியில் அடிப்பக்கம் இருக்கவேண்டிய கடைசிச் செதிலையும் விட்டிருந்தேன். முதுகின் குறுக்கே செதில் வரிசை 11 முதல் 13 வரை இருக்கும் என்றான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு படத்தில் எண்ணினேன். பதினேழு.

இதற்காகத்தான் நிராகரித்தார்களா என்று எனக்குத் தெரியாது, காரணம்தான் சொல்லமாட்டார்களே. அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் வாங்கவேண்டிய ‘வாத்து வில்லை’ உண்டு, பார்க்க அஞ்சல்தலை மாதிரி இருக்கும்; அதற்கான ஓவியப் போட்டியை அரசாங்கமே நடத்துகிறது. முதல் வில்லை 1934-இல் வந்தது. அங்கே நடுவர்கள் எல்லோர் முன்னிலையிலும் படம் படமாகப் பார்த்து ‘உள்ளே’, ‘வெளியே’ என்று வாக்களிக்கிறார்கள். ஜெயித்தவருக்கு அரசு பணப்பரிசும் தருவதில்லை. வில்லை விற்கிற ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்ப்பறவைகளின் வாழிடத்துக்குப் போகிறது. ‘வெளியே’ என்று முகத்துக்கு நேரே கேட்பதும் கஷ்டம்தான். ஆனாலும் ஆறு வரி மின்னஞ்சலுக்கு அது மேல்.

ஆறுதலுக்கு எல்லோரும் இங்கிலாந்தின் காட்டுயிர் ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் கதையைத்தான் சொன்னார்கள். லண்டனின் ஸ்லேட் ஓவியப் பள்ளி திறமை இல்லை என்று திருப்பி அனுப்பிய ஆள். கென்யாவில் வனக்காவலர் வேலையும் கிடைக்கவில்லை. பிறகு ராபின் குட்வின் என்ற ஓவியர் சேர்த்துக்கொண்டு பழக்கினார். 1973-இல் ஷெப்பர்டின் புலி ஓவியம் ஒன்றின் அச்சுப்பிரதிகளை விற்று 1,27,000 பவுண்டு திரட்டி இந்தியாவின் புலிப் பாதுகாப்புத் திட்டத்துக்குக் கொடுத்தார்கள். நல்ல கதைதான். ஆனால் ஷெப்பர்டுக்குத் திறமை இல்லை என்றார்கள், அது பொய். என் அழுங்கு இரண்டு காலில் நடக்கிறது, அது நிஜம். இரண்டும் ஒன்றில்லை என்று சொன்னால் ‘தன்னம்பிக்கை வேணும்’ என்கிறார்கள்.

நடுவில் தூரிகைக் கதை ஒன்று. அந்தப் போட்டிப் படிவத்தில் பயன்படுத்திய பொருட்களைக் குறிப்பிடச் சொல்லி ஒரு கட்டம் உண்டு. நிறம், தாள் எல்லாம் எழுதிவிட்டு, கட்டத்தில் இடம் மிச்சமிருக்கிறதே என்று தூரிகைகளையும் எடுத்துப் பார்த்தேன். பழைய தூரிகை ஒன்று, யாரோ எப்போதோ கொடுத்தது, உலர்பூச்சுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் முடியின் நுனி கறுப்பு, நடுவில் வெளிர் மஞ்சள், அடியில் மறுபடி கறுப்பு. கீரி முடி! இந்தியாவில் கீரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, அதன் முடியில் தூரிகை செய்வதும் விற்பதும் குற்றம். காட்டுயிரைக் காப்பாற்ற வரைகிறேன் என்று சொல்லிக்கொண்டு கையில் கீரியை வைத்திருந்திருக்கிறேன். அதன்பின் அதைத் தொடவில்லை. செயற்கை இழைத் தூரிகைக்குப் பழக ஒரு மாதம் பிடித்தது. தண்ணீரைச் சட்டென்று விட்டுவிடும், கொஞ்சம் வறட்சியாகவே எடுத்தால் சரியாக வரும். உங்கள் டப்பாவையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

போட்டியில் தோற்ற படத்தை ஏலத்துக்குத் தாருங்கள், பணம் பாதுகாப்புக்குப் போகும் என்று ஓர் அமைப்பு கேட்டது. இந்திய அழுங்கு என்று பெயர் போட்டு அதை விற்க மனசு வரவில்லை. பதிலுக்குச் சின்னதாக ஓர் ஆந்தை ஓவியம் கொடுத்தேன். அதுவும் ஒரு பாடம். ‘வருமானம் முழுவதும்’ என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். முடிந்தபிறகு கேட்டால் அரங்கம், படச்சட்டம், கார்டில் பணம் வாங்குகிற கட்டணம் எல்லாம் கழித்து மீதிதான் ‘வருமானம்’ என்றார்கள். மீதி பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு நாட்காட்டியில் என் ஆந்தை ஜூன் மாதத்துக்கு உட்கார்ந்திருந்தது. என்னைக் கேட்கவில்லை, பெயரும் இல்லை. ஓவியத்தைக் கொடுத்தால் அச்சிடும் உரிமையையும் கொடுத்ததாகிவிடாது. அதை முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கவேண்டும். செலவைக் கழிப்பதற்கு முன்பா பின்பா, எத்தனை சதவீதம், எந்த வேலைக்கு என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல காரியத்துக்குப் போய்க் கணக்குக் கேட்பதா என்று கூச்சமாகத்தான் இருக்கும்.

உருப்படியாக நடந்தது தம்பியால்தான். மீட்கப்படும் அழுங்குகளைக் கையாளுகிற களப் பணியாளர்களுக்கு ஒரு பக்க அட்டை வேண்டும், வரைந்து தர முடியுமா என்றான். நாலு நாளில் நீர்வண்ணத்தில் அழகாகப் போட்டு அனுப்பினேன். ஜெராக்ஸ் எடுத்து அதையே போட்டோ பிடித்து அனுப்பினான். என் வண்ணமெல்லாம் கரிப்பூச்சாகி, அழுங்கு சட்டிக்கடியில் கிடந்த கருகல் மாதிரி இருந்தது. “இவங்க இதைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துத்தான் கொடுப்பாங்க அக்கா. வெறும் கோடு போதும்.”

கறுப்பு மையில், நிழலே இல்லாமல், திரும்ப ஆரம்பித்தேன். நாலு காலில் நடக்கிற அழுங்கு, மடக்கிய முன்நகம் தனியாகப் பெரிதாக, வால்நுனியின் அடிச்செதில். சுருண்டு உருண்டையாகக் கிடக்கிற அழுங்கு ஒன்று, அதை வலிந்து பிரிக்கக்கூடாது என்று பக்கத்தில் குறிப்பு. ஆறு தடவை திருப்பி அனுப்பினான். நடுவர்கள் மாதிரி இல்லை, ஒவ்வொரு தடவையும் காரணம் சொன்னான். காது இன்னும் பின்னால். நகம் இன்னும் நீளம். வயிற்றில் செதில் கிடையாது. ஏழாவதுக்கு “ஓகே அக்கா” என்று மட்டும் வந்தது. அதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள்.

போன வாரம் அந்த அட்டையின் படம் ஒன்று அனுப்பியிருந்தான். எத்தனையாவது பிரதியோ, ஓரமெல்லாம் தேய்ந்து, நடுவில் மடிப்பு, ஒரு மூலையில் டீ வட்டம். செதில் இடுக்கு மயிர் மட்டும் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தது.

இரண்டு கால் அழுங்கை மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். இந்த வருடப் படிவத்தை நேற்றுத் திறந்தேன். விதிமுறை இம்முறை பதினோரு பக்கம். ஒன்பதாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.