சாம்பல் இருவாச்சிகளைப் பிரித்தறிய

இருவாச்சி என்றதும் அலகின் மேல் இன்னோர் அலகு ஏறி உட்கார்ந்த தோற்றம்தான் நினைவுக்கு வரும். பெயரே 'இரு வாய்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஓசிசெரஸ் பேரினத்தின் மூன்று சாம்பல் இருவாச்சிகளில் இரண்டுக்கு அந்தப் புடைப்பே கிடையாது. புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கூரான சிறு புடைப்பு இருந்தால் அது இந்தியச் சாம்பல் இருவாச்சி. வறண்ட இலையுதிர் காடுகளிலும் ஊருக்குள் நிற்கும் ஆல், அரச மரங்களிலும் தென்படும். வால் நீளம்; நுனி வெள்ளை, அதற்குச் சற்று மேலே கருப்புப் பட்டை. பிற விலங்குகளுக்கு நஞ்சாகும் மஞ்சள் அரளிக் காயைக்கூட இது தின்னும்.

மலபார் சாம்பல் இருவாச்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. கண்ணுக்கு மேல் அகலமான வெளிர் புருவம், வாலடியில் செம்பழுப்பு. ஆணின் அலகு ஆரஞ்சு. பெண்ணுடையது மஞ்சள், அடியில் கருமை. வால்பாறைப் பக்கம் சோலையிலும் காப்பித் தோட்டத்திலும் பலமாகச் சிரிப்பதுபோலக் குரல் கேட்டால் அண்ணாந்து பாருங்கள். மலையாளத்தில் இதன் பெயர் கோழிவேழாம்பல்.

மூன்றாவது, இலங்கையில் மட்டுமே வாழ்வது. ஒரு காலத்தில் மலபார் இனத்தோடு சேர்த்தே எண்ணினார்கள். ஆணின் அலகு வெளிர் மஞ்சள். பெண்ணின் அலகு கருப்பு, அதில் வெளிர்க் கோடு. வயிற்றுப் பக்கம் மலபார் இனத்தைவிட வெளுப்பு. வாழிடம் வேறு என்பதால் களத்தில் இவை இரண்டும் குழம்ப வழியில்லை.

கூடு விஷயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இருவாச்சிக்கு மரங்கொத்தியைப்போல மரத்தைக் குடையத் தெரியாது. கிளை ஒடிந்து உளுத்த பழைய பொந்துதான் வேண்டும். பெண் உள்ளே போய், பெரும்பாலும் தன் எச்சத்தைக் கொண்டே வாயிலை அடைத்து, செங்குத்தான ஒரு கீறலை மட்டும் விடும். பிறகு இறக்கை இறகுகளை உதிர்த்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. மலபார் இனத்தில் இந்த அடைபட்ட வாழ்க்கை ஏறக்குறைய மூன்று மாதம், கோடையில். அத்தனை நாளும் ஆண் அத்திப் பழங்களைத் தொண்டைக்குள் அடக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கிக் கொடுக்கும். குஞ்சு பொரித்த பின் பூச்சி, ஓணான் எல்லாம் வரும்.

மரத்தடியில் விதைகளும் எச்சமும் குவிந்து கிடந்தால் மேலே கூடு இருக்கலாம். கண்டதும் நெருங்கிப் போகாதீர்கள். அங்கே ஆள் நின்றால் ஆண் தள்ளி ஒரு மரத்தில் உட்கார்ந்துவிடும். உள்ளே இருப்பவை பட்டினி. தொலைவில் மறைந்திருந்து இருநோக்கியில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குரல் பதிவை ஒலிக்கவிட்டு அழைப்பது கூடவே கூடாது. கூட்டின் இடத்தை இணையத்தில் போடுவதும் அப்படித்தான்: ஒருவர் போன இடத்துக்கு அடுத்த வாரம் இருபது பேர் வருவார்கள்.

மலபார் இனம் 2020இல் அழியும் வாய்ப்புள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்தது. காப்பித் தோட்டங்களில் அத்தி, இச்சி, காட்டுப்பலா போன்ற நிழல் மரங்களை வெட்டிவிட்டு சில்வர் ஓக் மட்டும் நட்டால் பழமும் இல்லை, பொந்தும் இல்லை. தோட்டம் வைத்திருப்பவர்கள் உளுத்த பெருமரத்தை 'சும்மா நிற்கிறது' என்று சாய்க்கும் முன், பொந்து இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.